போட்டு வாறன்

என் அம்மா என்னுடைய பகிடிக்கு ஒரு நாளும் சிரித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்துப்போன ஒரு மனிதனைப் பற்றி இவன் ஏன் இப்படி வயிறெரிந்து எழுதுகிறான் என்று பிறகு யாரும் கேட்கக் கூடாது.

அவன் ஒரு யூதன். ஒலிவாங்கியும் கையுமாகத் தனியே நின்று பேசிச் சனத்தைச் சிரிக்க வைப்பது அவன் தொழில். இளவயதில் தொடங்கியவன், தலைமயிர் கொட்டி முடியும் வரைக்கும் வேறு வேலை பார்க்கவில்லை. மனைவியைப் பிரிந்த பிறகு ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்துக்கு, அதுவும் எங்கள் வீட்டுக்கு எதிர்க்கதவுக்கே, குடிவந்து சேர்ந்தான். யூதர்கள் எங்கள் பக்கம் அதிகம் வருவதில்லை. அவர்களுடைய கடைகளும் கோயில்களும் ரொறன்ரோவின் வடக்கே, வேறு திசையில். "என் ஆட்கள் நாற்பது வருடம் பாலைவனத்தில் அலைந்தார்கள். அவர்கள்கூட ஸ்காபரோவுக்கு வரவில்லை" என்று முதல் நாளே லிஃப்டில் பொதுவாக எல்லோருக்கும் சொன்னான். லிஃப்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நல்ல பகிடி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சிரிக்கவில்லை.

நானும் அந்தத் தொழிலில் கொஞ்சம் கை வைத்தவன். கிழமை நாட்களில் நகரப் பேருந்து ஓட்டுவேன். சனி, ஞாயிறுகளில் கலியாணம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள் என்று ஸ்காபரோ மண்டபங்களில் அறிவிப்பாளன். மாப்பிள்ளையை இரண்டு கடி, மாமியாரை ஒரு கடி, குடித்துவிட்டு ஆடுகிற அங்கிள்மாரை நாலு கடி. சனம் சிரிக்கும். அம்மா முன்வரிசையில், பல் பிடுங்கக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்த பிறகு, "எப்பிடியம்மா இருந்தது?" என்று கேட்பேன். "மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடி, எச்சில் படுது" என்பார். அதுதான் எனக்குக் கிடைத்த விமர்சனம்.

அந்த அம்மாவை அவன் ஒரு வார்த்தையும் பேசாமல் சிரிக்க வைத்தான். அம்மா கடையிலிருந்து முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு லிஃப்டுக்குள் ஏறியிருக்கிறார். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த காய்கள் அவனுடைய முதுகில் குத்தின. அவன் திரும்பவில்லை. மெதுவாக இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான், துப்பாக்கிக்காரனிடம் அகப்பட்டவனைப் போல. எங்கள் மாடி வரும் வரைக்கும் கையை இறக்கவேயில்லை. கதவு திறந்ததும் பணப்பையை எடுத்து, அம்மாவின் காலடியில் பக்குவமாக வைத்தான். நான் வீட்டு வாசலில் நின்றேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டு வந்தார். அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கொஞ்சம் விக்கல் போல, இடையில் ஒரு சின்ன ஊளையோடு.

"உவன் ஆரடா உந்தப் பகிடிக்காரன்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர்.

பகிடிக்காரன் சிரிக்கவே மாட்டான். மேடையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. வரி கட்ட மறந்தவனைப் போல ஒரு முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு எங்கே போனாலும் பகிடியைப் பரீட்சித்துப் பார்ப்பான். பகல் நேரத்தில் வேண்டுமென்றே என்னுடைய பேருந்தில் ஏறுவான். முன்னிருக்கையில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம், "விவாகரத்தில் மனைவியின் அம்மா எனக்குக் கிடைத்தாள், வீடு மனைவிக்குக் கிடைத்தது" என்பான். அந்த ஆள் பாவம் என்று தலையாட்டிவிட்டு இறங்குவார். அடுத்து ஏறியவரிடம், "விவாகரத்தில் மனைவிக்கு வீடு கிடைத்தது. எனக்குக் கிடைத்தது அவளுடைய அம்மா" என்பான். அந்த மனுசி மருத்துவமனை வேலை முடிந்து களைத்து வந்தவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"பார்த்தாயா, டிரைவர்? அதே சொற்கள்தான். அம்மா கடைசியில் வரவேண்டும்."

நான் தெருவைப் பார்த்து ஓட்டினேன். என் முகத்தில் ஒன்றும் அசையாமல் பார்த்துக்கொண்டேன். அது அவனுக்கு விளங்கிவிட்டது. இறங்கும்போது, "ஒரு நாள் உன்னைப் பிடிப்பேன்" என்றான். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. ரொறன்ரோவில் அவனால் சிரிக்க வைக்க முடியாத ஒரே ஆள் நான்.

அம்மாவுக்கும் அவனுக்கும் இடையில் பேச்சு எப்படி நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் முழுதாக விளங்கவில்லை. அம்மாவின் ஆங்கிலம் கடைக்கும் மருத்துவரிடம் போவதற்கும் காணும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினால் அவன் மணத்துக்கே கதவைத் தட்டுவான். கூழுக்குள் நண்டு கிடக்கும். யூதர்களின் சமயத்தில் நண்டு ஆகாது. "அடியில் கிடப்பதை நான் பார்க்கவில்லை. கூழ் தடிப்பாக இருக்கிறபடியால் கடவுளும் பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டுக் கோதை உறிஞ்சுவான். அப்பா தொலைக்காட்சிச் செய்தியிலிருந்து தலையைத் திருப்பாமலே, "அவனுக்கு இன்னொரு சிரட்டை வாரும்" என்பார். சொந்த மகன் கூழ் குடித்தானா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அப்படி ஒரு ஞாயிறு அவன் தமிழில் ஒரு வசனம் கேட்டான். "உங்கள் மகளைக் கட்ட எனக்கு விருப்பமில்லை" என்பதை எப்படிச் சொல்வது என்றான். அம்மா சொல்லிக்கொடுத்தார். "உங்கடை மகளைக் கலியாணம் கட்ட எனக்கு விருப்பமில்லை." ஒவ்வொரு சொல்லுக்கும் என்னிடம் பொருள் கேட்டான். கடைசிச் சொல்லில்தான் 'இல்லை' வருகிறது என்று அறிந்ததும் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அப்படியென்றால் பெண்ணின் தகப்பன் கடைசி வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா? மகள், கலியாணம், விருப்பம்... ஆள் பந்தலுக்கே சொல்லிவிடுவான். பிறகுதான் அந்த 'இல்லை' வருமா?" அவன் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையாகவே கோபம் இருந்தது. "நான் ஒவ்வொரு ஆங்கில வசனத்தையும் திருகிப் பிழிந்து கடைசிச் சொல்லைக் கடைசிக்குக் கொண்டுவருகிறேன். உங்களுக்கு அது இலவசமாகக் கிடைத்திருக்கிறது. இந்த மொழியை வைத்துக்கொண்டு நீ என்ன செய்கிறாய், டிரைவர்? சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கு நன்றி சொல்கிறாய்!"

அம்மா சிரித்தார். அந்த விக்கல், அந்த ஊளை. நான் எழுந்து போய்க் கை கழுவினேன்.

அன்றைக்குக் கிளம்பும்போதுதான் அவன் 'போட்டு வாறன்' கற்றுக்கொண்டான். போகிறேன் என்று வெறுமனே சொல்லப்படாது, போய்விட்டு வருகிறேன் என்ற பொருளில் போட்டு வாறன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா கதவடியில் வைத்துத் திருத்தினார். அவன் அதை வாய்க்குள் பல தடவை உருட்டிப் பார்த்தான். "போட்டு. எல்லோருக்கும் கவலை. வாறன். அட, ஆள் திரும்பி வருகிறான்!" என்றான். "இரண்டு சொல்லில் ஒரு பகிடி. நான் தொழிலுக்கு வந்த நாள் முதல் இதைத்தான் தேடுகிறேன்."

அவனுடைய தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிதாக ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு காலத்தில் ஒரு பியர் விளம்பரத்தில் வந்திருக்கிறான். உல்லாசக் கப்பல்களில் பேசியிருக்கிறான். கப்பலில் பகிடி எடுபடாவிட்டால் அடுத்த நாள் காலை அதே சனத்தோடு முட்டை வாங்க வரிசையில் நிற்க வேண்டும் என்பான். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு தடவை கூப்பிட்டு, பார்த்துவிட்டு, முகம் சோகமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் அந்தத் தோல்வியை எடுத்துவந்து மேடையில் வைத்தான். அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் தோற்றிருக்கிறேன். ஒரு தமிழ் வானொலியில் நிகழ்ச்சி ஒன்று கேட்டு வாங்கினேன், ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். அது வெறும் தோல்வியாகவே கிடக்கிறது. அவனுடைய தோல்விக்குக்கூடக் கைதட்டல் கிடைத்ததை நினைக்க எனக்கு நித்திரை வருவதில்லை.

ஞாயிறு பிற்பகல்களில் ஒரு உணவகத்தின் கீழறையில் அவனுக்கு ஒரு காட்சி இருந்தது. அம்மா போகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, கூறைச்சேலையைப் போல ஒன்றை உடுத்திக்கொண்டு வந்தார். எங்களுக்குப் பக்கத்து மேசையில் கைத்தடியோடு ஒரு கிழவர். அவனுடைய தாய்மாமன், ஒரு காட்சியும் தவறவிடாதவர். காட்சி முடியும்போது அவன் ஒலிவாங்கியைத் தாங்கியில் வைத்துவிட்டு, அதே சோக முகத்தோடு, "போட்டு வாறன்" என்றான். சனம் கைதட்டியது. ஒவ்வொரு காட்சியையும் அவன் இப்போது அப்படித்தான் முடிக்கிறான் என்று தெரிந்தது.

"அது யிடிஷ்" என்று கிழவர் எங்களுக்கு விளக்கம் சொன்னார். போலந்து, ருசியா பக்கத்து யூதர்கள் வீட்டில் பேசிய பழைய மொழி அது. "என் அம்மா சொல்வாள். எத்தனை வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன்!"

வெளியில் வந்ததும் நான் அவனைப் பிடித்தேன். "உன் மாமனுக்கு உண்மையைச் சொல்லவில்லையா? அது எங்கள் மொழி."

"ஏன் சொல்ல வேண்டும்? அவருக்கு அம்மாவின் ஞாபகம் வந்திருக்கிறது" என்றான். "பகிடி முடிய முன்னே விளக்கம் சொல்லக் கூடாது, டிரைவர். அது தெரியாததுதான் உன்னுடைய வியாதி."

பிறகு அப்பா செத்துப்போனார்.

மலர்ச்சாலையில் அப்பாவின் உடலைப் பார்வைக்கு வைத்த நாள் முழுக்க அம்மா அழவும் இல்லை, பேசவும் இல்லை. பெட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லோரும் கட்டிப்பிடித்து, "அழுங்கோ அக்கா, அழுதாத்தான் ஆறும்" என்றார்கள். அவன் கறுப்புக் கோட்டோடு பின்வரிசையில் மணிக்கணக்காக இருந்தான். கிளம்பும்போது நேரே அம்மாவுக்கு முன்னால் வந்து, குனிந்து, தெளிவான தமிழில் சொன்னான்.

"அன்ரி, போட்டு வாறன்."

செத்தவீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று பொருள். சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போவதுதான் முறை. என் மாமி வாயில் கையை வைத்தார். "ஐயோ, இதென்ன கண்டறியாத கதை!" என்று யாரோ சொன்னார்கள். அப்போது அந்த விக்கல் கேட்டது. அம்மா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு முடியாமலே அழுகையாக மாறி, அன்றைக்குத்தான் அப்பாவுக்காக அழுதார். அவன் போய்விட்டான்.

"வெள்ளைக்காரனுக்கு எங்கடை முறை என்ன தெரியும், பாவம்" என்று எல்லோரும் மன்னித்தார்கள். நானும் மன்னித்தேன். மன்னித்ததில் எனக்கு ஒரு ருசி இருந்தது. இவ்வளவு காலத்தில் முதல் தடவையாக, எனக்குத் தெரிந்த ஒன்று அவனுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. சாவுத் தீட்டு, அந்தத் துடக்குக் கழிந்து மண்டபங்களுக்குப் போகத் தொடங்கியதும் அந்தக் கதையை ஒலிவாங்கியில் எடுத்துவிட்டேன். செத்தவீட்டில் போட்டு வாறன் சொன்ன வெள்ளைக்காரன். என் வாழ்நாளில் எனக்கு அப்படிச் சிரிப்பு விழுந்ததில்லை. அங்கிள்மார் கதிரையிலிருந்து சரிந்தார்கள். வருடக்கணக்காக அந்த ஒரு கதையில்தான் என் பெயர் ஓடியது. அம்மா மட்டும் வழக்கம்போலப் பல் பிடுங்கக் காத்திருந்தார்.

போன இலையுதிர் காலத்தில் அவனுக்கு இருதயம் நின்றது. நாங்கள் அதற்கு முன்பே மல்வேர்னுக்கு வீடு மாறியிருந்தோம். அவனுடைய தங்கை தொலைபேசியில் சொன்னபோது அடக்கமும் முடிந்துவிட்டது. அவர்கள் உடலை நாள்கணக்கில் வைத்திருப்பதில்லை. ஏழு நாள் வீட்டில் துக்கம் காப்பார்கள், வந்துபோகலாம் என்றாள். நான் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வடக்கே போனேன். ஆறுதலுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அண்டைக்கு அப்பான்ரை செத்தவீட்டிலை, பாவம், தெரியாமல் போட்டு வாறன் எண்டு சொன்னானே..." என்று தொடங்கினேன்.

"தெரியாமல் சொல்லேல்லை" என்றார் அம்மா.

"என்ன?"

"அவனுக்குத் தெரியும். அப்பா ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை ஒருநாள் கேட்டவன், உதைச் சொல்லக் கூடாத இடமும் இருக்கோ எண்டு. செத்தவீட்டிலை மட்டும் வாயிலையும் எடுக்கப்படாது எண்டு நான்தான் சொன்னனான். தங்கடை ஆக்களும் அப்பிடித்தானாம், செத்தவீட்டிலை வணக்கம்கூடச் சொல்லாயினமாம் எண்டவன்."

"அப்ப ஏன் சொன்னவன்?"

"எல்லாரும் என்னை அழு அழு எண்டுதானே நிண்டவை. அவன் வந்து சொல்லக் கூடாததைச் சொன்னான். அவன்ரை மூஞ்சையைப் பார்த்தன். அடக்க ஏலாமல் போச்சு."

நான் திரும்ப வேண்டிய சந்தியில் திரும்பாமல் நேரே போய்விட்டேன். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் துக்கம் வரவில்லை. பொறாமைதான் வந்தது, காதுவரைக்கும் சூடாக. என்னுடைய ஒரே நல்ல கதை என்னுடையது இல்லை. அது அவன் செய்த பகிடி. அத்தனை உறவினருக்கு நடுவில், என் தகப்பனின் பெட்டிக்கு முன்னால், பிழையாய்ப் போனால் காலத்துக்கும் முகத்தில் விழிக்க முடியாத இடத்தில் துணிந்து செய்த பகிடி. நான் அதைத் தெரியாமல் செய்த பிழை என்று ஊரெல்லாம் விற்றுக்கொண்டு திரிந்திருக்கிறேன். அம்மா முன்வரிசையில் இருந்து அத்தனையையும் கேட்டிருக்கிறார்.

"ஏனம்மா எனக்கு முதலே சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே" என்றார்.

தங்கையின் வீட்டில் கதவு திறந்தே கிடந்தது. அவர்களுடைய முறைப்படி சுவர்க் கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். தங்கை உயரம் குறைந்த ஒரு கதிரையில் இருந்தாள். சுற்றியிருந்தவர்கள் அவனுடைய கதைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். முருங்கைக்காய்க் கதைகூட வந்தது. அதில் அம்மா ஒரு கொள்ளைக்காரி. பிறகு தங்கை கேட்டாள், "கடைசியில் எப்போதும் ஒன்று சொல்வானே, அதற்கு என்ன பொருள்?"

கைத்தடிக் கிழவர் தொண்டையைச் செருமினார். "போட்டு வாறன். யிடிஷ்தான், என் அம்மாவின் ஊர்ப் பேச்சு. போட் என்றால் பானை. வாறன் என்றால் சூடு. விருந்தாளி போகும்போது சொல்வது. பானை இன்னும் சூடாக இருக்கிறது, திரும்பி வா."

ஒரு அம்மையார் கண்ணைத் துடைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பானையாவது சூடாவது! அவனிடம் தோற்றது போதும், என் மொழியையுமா கொடுப்பேன்? வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார்.

"பேசாமல் இரு. அவன்ரை பகிடி இன்னும் முடியேல்லை."

தேநீர் குடித்து முடித்ததும் அம்மா எழும்பினார். சேலையைச் சரிசெய்தார். தங்கைக்கு முன்னால் போய்க் குனிந்து, அவளுடைய கையைப் பிடித்து, நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பிள்ளை, போட்டு வாறன்."

கிழவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடுங்கி நடுங்கி எழும்பினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, நீங்கள் எந்த ஊர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?"

அம்மா அவரைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. வரி கட்ட மறந்தவரைப் போல ஒரு முகம். சரியாக ஒரு மூச்சு விடுகிற நேரம் காத்திருந்தார்.

"டோர்செட் பார்க்" என்றார்.

எனக்குச் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. முதலில் மூக்கால் வந்தது, பிறகு அடக்க முடியவில்லை. மூடிய கண்ணாடியில் சாய்ந்துகொண்டு, அந்தத் துக்க வீட்டில், வேறு யாருக்கும் விளங்காத ஒன்றுக்கு, விக்கலும் ஊளையுமாகச் சிரித்தேன். அம்மாவின் சிரிப்பு எனக்குள் இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சொன்னபடியே என்னைப் பிடித்துவிட்டான்.

காருக்குள் ஏறி இருக்கைப் பட்டியை மாட்டிக்கொண்டு அம்மா கேட்டார், "எப்பிடி இருந்தது?"

எச்சில் பட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்ல மனம் வரவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. அன்றிலிருந்து எனக்கு அம்மாமேலும் பொறாமை.